மற்றக் குறூப்புக்குப் போனவன்

நான் ஒருநாளும் நல்ல விளையாட்டுக்காரன் இல்லை. யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியில் எனக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் கால் அல்ல, பிடிவாதம். ஒருவனை விடாதே என்று சொன்னால் அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னாலே போய் நிற்பேன். அதனால் என்னை றைற் பாக்கில் போட்டார்கள். எதிரணியின் லெஃப்ற் விங்கை ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் அந்த இடத்தின் வேலை. மைதானத்தின் கோட்டோரமாக இரண்டு பேரும் ஆட்டம் முடியும்வரை தோளோடு தோள் உரசிக்கொண்டு திரியவேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில் நான் மனம்விட்டுத் தமிழ் கதைத்ததெல்லாம் அந்தக் கோட்டோரத்தில்தான்.

இப்போது பிராண்டே என்ற சிறுநகரில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிறந்தநாள் கொண்டாட மண்டபம் பிடிக்கப் போட்டி நடக்கிறது. அந்தக் காலத்தில், அங்கிருந்து சைக்கிளில் போகக்கூடிய ஒரு சிற்றூரில், சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் நான் ஒருவன்தான். அகதி முகாமில் ஒன்றாக இருந்தவர்களை, விசா கிடைத்ததும் ஊருக்கொருவராகப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். ஊர் நிர்வாகமான கொம்யூனில் எல்லோரும் நல்லவர்கள். அறை தந்தார்கள், கட்டில் தந்தார்கள், மரச்சாமான் தொழிற்சாலையில் கதிரைக்கால் தேய்க்கிற வேலையும் எடுத்துத் தந்தார்கள். கதைக்க ஆள் தருவது அவர்களுடைய பட்டியலில் இல்லை. பின்னேரம் சமைக்கும்போது நான் வெங்காயத்தோடு கதைப்பேன். "இந்தா, உன்னை மெல்லிசாத்தான் வெட்டப்போறன், அழப்பண்ணாதை" என்று. சிரிக்காதீர்கள். ஒரு மாதம் ஒருவரோடும் தமிழ் பேசாமல் இருந்து பார்த்தால் தெரியும்.

டெனிஷ் படிப்பித்த ஆசிரியைதான் ஏதாவது கிளப்பில் சேரச் சொன்னார். இந்த நாட்டில் கிளப்பில் இல்லாதவன் ஊரிலேயே இல்லாதவன். உதைபந்தாட்டக் கிளப்பில் சேர்ந்தேன். எங்கள் அணி எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே விழுவதென்றால் பக்கத்து மாட்டுப்பண்ணைக்குள்தான் விழவேண்டும். அந்தப் பிரிவில் கிளப்புகளைத் தூரம் பார்த்துக் குறூப் குறூப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரே குறூப்பில் இருக்கிற இரண்டு கிளப்புகள் வருடத்தில் இரண்டு தரம் மோதும். வசந்தகாலத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று.

என் முதல் வசந்தத்தில், விபோர்க் நகரத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு கிராமத்து அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. பந்து என் காலுக்குக் கீழால் நழுவிப்போக, "அட சனியனே!" என்று கத்திவிட்டேன். பந்தோடு ஓடிக்கொண்டிருந்த லெஃப்ற் விங் அப்படியே நின்றான். பந்து வெளியே போனது. அவனுடைய ஆட்கள் திட்டினார்கள்.

"அண்ணை யாழ்ப்பாணமே?" என்றான்.

கறுத்து மெலிந்த ஆள். தலையில் கம்பளித் தொப்பி. அதுவரை நான் அவனைச் சரியாகப் பார்க்கவேயில்லை, கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். சொன்னான். எங்களூரில் பெரிய பள்ளிக்கூடங்களையெல்லாம் கல்லூரி என்றுதான் சொல்வோம். அவனுடையது வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவரின், கல்லூரி, உதைபந்தாட்டத்தில் எங்களுக்குப் பரம எதிரி. இவன் மன்னாரிலிருந்து வந்து அங்கே விடுதியில் தங்கிப் படித்தவனாம். கணக்குப் பார்த்தால் ஒரு வருடம் எங்களுக்கு மூன்று கோல் அடித்த அணியில் இவனும் இருந்திருக்கிறான்.

"அந்த மூண்டிலை ஒண்டு என்ரை" என்றான்.

"அது ஓஃப்சைட்" என்றேன்.

அன்றைக்குத் தொடங்கிய கதை. அவன் என்னைவிட ஒரு வயது இளையவன், அண்ணை என்பான். நான் நீர் என்பேன். ஆட்டம் நடக்க நடக்கக் கதைப்போம். பந்து எங்கள் பக்கம் வந்தால் கதையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் உதைப்போம், பந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கோழிக்கறிக்கு எந்த மிளகாய்த்தூள் சரிவரும், அவன் வேலைசெய்கிற பன்றிப்பண்ணை எப்படி நாறும், டெனிஷ்காரர் ஏன் காப்பியைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கிறார்கள், எல்லாம். எங்கள் கோச் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். அவனைப் பிடிக்கச் சொன்னேனே தவிர அவனோடு குடும்பம் நடத்தச் சொல்லவில்லை என்று ஒருநாள் சொன்னார். அந்த ஆட்டத்தில் அவன் இரண்டு கோல் அடித்தான். ஒன்று நான் எங்கள் அம்மாவின் மீன்சொதியை விளக்கிக்கொண்டிருந்தபோது.

ஏன் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். பஸ் குறைவு என்று சொல்லலாம், இரண்டு தரம் மாறவேண்டும் என்று சொல்லலாம். உண்மை அது இல்லை. ஆட்டம் முடிந்து பிரியும்போது அவன் "ஒருக்கா வாங்கோவன் அண்ணை" என்பான், நான் "ஓம் ஓம், நீரும் வாரும்" என்பேன். இது அழைப்பல்ல என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் ஆட்களிடம் அழைப்பு என்றால் நாள் சொல்லி, நேரம் சொல்லி, வற்புறுத்திச் சொல்லவேண்டும். சொல்லாமல் போவது செத்த வீட்டுக்கு மட்டும்தான். முறையாகச் சொல்லாத வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று எனக்கு ரோசம். அவனுக்கும் அப்படியே இருந்திருக்கும். தொலைபேசி இலக்கம் வைத்திருந்தேன், எடுத்ததில்லை. மைதானத்தில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் யாரையும் அழைக்கத் தேவையில்லை, உதைபந்தாட்டச் சங்கத்தின் மேலிடம் அட்டவணை போட்டு எங்களைச் சந்திக்க வைத்தது. அதை நம்பியே இரண்டு வருடம் ஓடியது.

இரண்டாம் வருடத்து இலையுதிர்கால ஆட்டம் அவனுடைய ஊரில். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நல்ல புளுகத்தில், சந்தோசத்தில் இருந்தேன். முதல்நாள் ஓகூஸ் நகரத்துக்குப் போய் ஒரு கடையில் தேங்காய் கண்டிருந்தேன். மூன்று வாங்கினேன், ஒன்று அழுகல். அந்தக் கதையை எங்கே தொடங்கி எங்கே முடித்தேன் என்று நினைக்கவே இப்போது கூச்சமாக இருக்கிறது. அவன் அன்றைக்கு ஓடவில்லை. பந்து வந்தாலும் காலை நீட்டுவான், எடுக்கமாட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் நான் அவனை முழுதாக அடக்கிப்போட்ட ஆட்டம் அது. கோச் கையைத் தட்டினார்.

இரண்டாம் பாதியில் ஒரு இடத்தில் அவன் சொன்னான்: "அண்ணை, உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்."

அந்த நேரம் பார்த்துப் பந்து வந்தது. நான் பாய்ந்து எடுத்து உதைத்தேன். திரும்பி வந்து, "இண்டைக்கு உம்மாலை ஏலாது கண்டீரோ" என்றேன். பிறகு தேங்காய்க் கதையின் மிச்சம். ஆட்டம் முடிந்ததும் வழக்கமாக எல்லோரும் கிளப் வீட்டில் பியர் குடிப்பார்கள், நாங்கள் மூலையில் இருந்து கதைப்போம். அன்றைக்கு எங்களைக் கூட்டிவந்த கார்க்காரர் மாட்டில் பால் கறக்கவேண்டும் என்று அவசரப்படுத்தினார். அவன் கார்க் கதவடியில் வந்து நின்றான்.

"அந்த விசயம்…" என்றான்.

"ஒரு விசயமும் ஓடிப்போகாது. வசந்தத்திலை கதைப்பம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இதுதான் நான் சொன்னது. சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

நத்தாருக்கு, முந்தின வருடம் அவன் எனக்கு ஒரு வாழ்த்துக் காட் அனுப்பியிருந்தான். மாட்டுத்தொழுவமும் குழந்தை யேசுவும். சைவக்காரனான நான் அதைச் சுவரில் குத்தி வைத்திருந்தேன். இந்த வருடம் நானே முந்திக்கொண்டு ஒன்று அனுப்பினேன். அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தை பிறந்தும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆட்டத்தில் அடக்கிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். வேதக்காரக் கல்லூரிப் புத்தி என்றுகூட வெங்காயத்திடம் சொன்னேன். பழைய காட்டையும் சுவரிலிருந்து கழற்றினேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை கிளப்பின் வருடாந்தக் கூட்டம். காப்பி, பாண், ஒரு மேசையில் வரைபடம். தலைவர் பெரிய கைகளுள்ள ஒரு விவசாயி. வரும் வசந்தத்திலிருந்து குறூப்புகளை மேலிடம் மாற்றியமைக்கப்போகிறது என்றார். மேற்கிலிருந்து புதிதாகக் கிளப்புகள் சேர்கின்றன, எங்கள் குறூப் பெருத்துவிட்டது, அதனால் இரண்டாக உடைக்கிறார்கள். வடக்கே சில சிறிய கிளப்புகள் ஒன்றாக இணைகின்றன, அவை விபோர்க் பக்கத்துக் குறூப்புக்குப் போகும். வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். நான் எழும்பிப்போய்க் குனிந்து பார்த்தேன். அவனுடைய கிராமம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மற்றவர்களுக்குச் சந்தோசம். தூரம் குறையும், பெற்றோல் மிச்சம். நான் திரும்பிவந்து கதிரையில் இருந்தேன். காப்பி ஆறிப்போனது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியிருந்தது. வசந்தத்தில் கதைப்போம் என்று சொன்னேனே, இனி எந்த வசந்தத்தில்?

எங்கள் கல்லூரிக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. மாவட்டப் போட்டியில் குறூப்புகளை மாற்றி, பலமான கல்லூரிகள் எல்லாவற்றையும் எங்களோடு போட்டுவிட்டார்கள். அதிபர் ஒரு மகஜர் எழுதினார். பழைய மாணவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். ஒரு கிழமையில் குறூப் மாறியது. ஆகவே ஒரு கோடு பிழையாகப் போடப்பட்டால் மகஜர் எழுதுவதுதான் வழி என்று எனக்குத் தெரியும். அறைக்குப் போய் எழுதத் தொடங்கினேன்.

டெனிஷில் அதுவரை நான் எழுதிக்கொடுத்த ஒரே பெரிய கடிதம் அகதி விண்ணப்பம். இதுவும் அப்படியே வந்துவிட்டது. பிறந்த திகதி, பெற்றோர், நாட்டைவிட்டு வெளியேறிய பாதை, வந்து இறங்கிய நாள். பிறகு, பின்வரும் காரணங்களால் என்னை மேற்படி கிளப்பிலிருந்து பிரிக்கவேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, அங்கே ஒரு லெஃப்ற் விங் இருக்கிறான். இரண்டு, எனக்கு இங்கே கதைக்க வேறு ஒருவரும் இல்லை. மூன்றாவது காரணம் கிடைக்காமல் இரண்டாவதையே வேறு சொற்களில் எழுதினேன். விசாவின் பிரதியொன்றையும் சேர்த்துக் குத்தினேன். தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று முடித்தேன்.

தலைவரின் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். குசினி மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் வாசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விசாப் பிரதியைக் கழற்றி என்னிடமே திருப்பித் தந்தார். மேலிடத்துக்குக் கிலோமீற்றர்தான் விளங்கும், இது விளங்காது என்றார். பிறகு எழும்பிப்போய்த் தொலைபேசியை எடுத்தார். பன்றிவிலை பற்றிக் கொஞ்சநேரம் கதைத்தார், சிரித்தார், வைத்தார்.

"பங்குனியில் ஒரு பயிற்சி ஆட்டம். அவர்கள் இங்கே வருகிறார்கள். நட்புக்கு ஆடுவதை யாரும் தடுக்க முடியாது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் பிட்டு அவித்தேன். தகரப் பேணியில் வருகிற மீனில் குழம்பும் வைத்தேன். நிலம் கல்லாக இறுகியிருந்தது. அவன் காரிலிருந்து இறங்கியபோது கையைக் காட்டினேன். தலையாட்டினான். இன்னும் மெலிந்திருந்தான். விசில் ஊதியது. நான் என் இடத்தில் போய் நின்றேன். கிளப்புகள் இணைந்ததில் அவர்களுக்குப் புது கோச், புது ஒழுங்கு. அவனை றைற் விங்குக்கு மாற்றியிருந்தார்கள்.

மைதானத்தின் மற்றப் பக்கம். என் முன்னால் ஒரு செம்பட்டைத் தலையன் நின்று வணக்கம் சொன்னான். எனக்கு அழுகை வருமாப்போல இருந்தது. கோட்டை நகர்த்தினார்கள், மகஜர் எழுதி ஆளைத் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது இதற்குள்ளேயும் ஒரு கோடா? கால்மணி நேரம் பொறுத்தேன். பிறகு பொறுக்கவில்லை. நடந்தேன், ஓடக்கூட இல்லை, ஆட்டத்தின் நடுவால் குறுக்கே நடந்து மற்றப் பக்கம் போனேன். எங்கள் லெஃப்ற் பாக் ஒரு தபால்காரர். "நீ அங்கே போ" என்று அவரிடம் கையைக் காட்டினேன். அவர் அசையவில்லை. கோச் கத்தத் தொடங்கினார்.

"அண்ணை, உங்கடை இடம் அங்கையெல்லோ?" என்றான் அவன்.

"அதை விடும். அண்டைக்கு ஒரு விசயம் கதைக்கவேணும் எண்டனீர். என்ன அது?"

"அது பழசு அண்ணை. விடுங்கோ."

"நத்தாருக்கு ஒரு காட்கூட இல்லை. என்னோடை கோவமே?"

அவன் என்னைப் பார்த்தான். துடக்கு வீட்டிலிருந்து, தீட்டோடு, வாழ்த்து அனுப்புவார்களா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை.

"அம்மா தவறீட்டா அண்ணை. நீங்கள் எங்கடை ஊருக்கு வந்த கிழமை, வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. ஞாயிறு மட்ச்."

என் பக்கம் காலியாகக் கிடந்தது. செம்பட்டைத் தலையன் தனியாக ஓடிப்போய்க் கோல் அடித்தான். யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"பேந்து ஏன் விளையாட வந்தனீர்?" என்றேன்.

"நீங்கள் வருவீங்கள் எண்டுதான்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். துக்கம் விசாரிக்கத் தெரியவில்லை. தேங்காய்க் கதை சொல்லத் தெரிந்த வாய். பண்ணையில் பூ தந்தார்கள், நல்ல ஆட்கள் என்றான். அகதிகளுக்குத் தருகிற பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அடித்திருப்பதால் போகவும் முடியவில்லை என்றான். அதற்குள் எங்கள் கோச் என்னை வெளியே எடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் உடனே புறப்பட்டார்கள். பிட்டைக் கொடுக்க நினைத்துப் பெட்டியோடு நின்றேன், கொடுக்க வெட்கமாக இருந்தது. கார் போய்விட்டது.

அந்தக் கிழமை முழுவதும் கதிரைக்கால்களைத் தேய்த்துக்கொண்டு ஒன்றையே யோசித்தேன். அழைக்காத வீட்டுக்கு நான் போகமாட்டேன், சரி. ஆனால் அந்த வீடு ஆறு மாதமாகச் செத்த வீடு. ஒருவரும் போகாத செத்த வீடு.

அடுத்த ஞாயிறு சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்தேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோவது. பானையைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறினேன். பஸ்ஸில் கறி மணத்தது, முன்னால் இருந்த பெண் யன்னலைத் திறந்தாள். அவனுடைய அறை ஒரு பேக்கரிக்குப் பின்னால். மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவனுக்கு ஆச்சரியம். "அண்ணை! என்ன, மட்ச் ஏதும் இருக்கே?"

"இல்லை" என்றேன். "செத்த வீட்டுக்கு வந்தனான்."

அவன் முகம் மாறியது. வாங்கோ என்று சொல்லவில்லை. செத்த வீட்டில் வந்தவரை வாங்கோ என்று சொல்வதில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கினான். நான் உள்ளே போய்ப் பானையை மேசையில் வைத்தேன். இரண்டு கதிரைகளையும் அவன் சுவரோரமாக இழுத்துப்போட்டான். தோளோடு தோள் முட்ட இருந்தோம். இனிக் கேட்கவேண்டியதை நான்தான் கேட்கவேண்டும்.

"அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்றேன்.

சொல்வதற்கு அவன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.